குயவர் மனைவியும் வணிகர் மனைவியும்

பாதி உடலையே உமைக்குப் பகிர்ந்தளித்தவன் எங்கள் பரமன். கணவனும் மனைவியும் சமம் என்பதற்கு இதனினும் சான்று வேறு வேண்டுமோ என்று முழங்குகின்றனர் சைவ மேடையிலே. மாதொருபாகன் என்பது இனிய பெயர்தான். ஆனால், அந்த மாதொருபாகனின் அடியார் வீட்டிலே மாதுக்குக் கிடைத்த பங்கு என்ன? 12-ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தையே சான்றுக்கு அழைப்போம். அவர்கள் போற்றும் ஏடு. பொய்ச்சான்று என்று தள்ள அவர்களால் இயலாது.

இயற்பகையார், காவிரிப்பூம்பட்டினத்து வணிகர். அடியார் எதைக் கேட்டாலும் இல்லையென்னாதவர். மறையவர் வேடத்திலே வந்த சிவன் அவருடைய மனைவியைக் கேட்கிறான். அவரும் மகிழ்ந்து இசைகிறார். உள்ளே சென்று, உன்னைக் கொடுத்துவிட்டேன் என்று மனைவிக்கு அறிவிக்கிறார். கேட்கவில்லை, தோழர்களே, அறிவிக்கிறார்! அம்மையார் முதலிலே கலங்குகிறார். அந்தக் கலக்கத்தை மறைக்காமல் பாடினாரே, அதற்காகச் சேக்கிழாரைப் பாராட்டுகிறோம். பின்னர் மனந்தெளிந்து, கணவர் சொற்படி நடப்பதன்றித் தமக்கு வேறு உரிமை ஏது என்கிறார். தடுக்க வந்த சுற்றத்தார் இயற்பகையாரின் வாளுக்கு இரையாகின்றனர்.

அது வெறும் சோதனை, முடிவிலே இறைவன் காட்சி தந்தானே என்பர் அன்பர்கள். சோதிக்கப்பட்டது யாருடைய பக்தி? கணவருடையது. பணயமாக வைக்கப்பட்டது யாருடைய வாழ்வு? மனைவியுடையது. பொன், பொருள், நெல் என்னும் வரிசையிலே பெண்ணையும் வைத்தாலன்றி இந்தக் கதை நடவாது.

தில்லையிலே வேறொரு காட்சி. பரத்தை வீடு சென்று திரும்பிய குயவர் திருநீலகண்டரை, இறைவன் பெயரால் ஆணையிட்டுத் தீண்டவிடாது தடுக்கிறார் மனைவியார். கணவரும் அதற்குக் கட்டுப்பட்டு, எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் என்று உறுதி கொள்கிறார். இளமை போய் முதுமை வந்தும் ஆணை நிற்கிறது. ஒரு மனைவியின் 'கூடாது' என்ற சொல் சட்டமாக நின்ற வீடு இது. இதன் சிறப்பை மறுக்க நாம் முற்படவில்லை.

எனினும், அந்தச் சொல் நின்றது எதனால்? இறைவன் பெயர் அதிலே இருந்ததால். புண்பட்ட தன் மானத்தின் பெயரால் மட்டும் அவர் தடுத்திருந்தால் நின்றிருக்குமா? மேலும், உடல் தீண்டாமை ஒன்று நீங்கலாக, கணவருக்குரிய பணி அனைத்தையும் அவரே செய்து வருகிறார். முடிவிலே, குளக்கரையில் பழைய நிகழ்ச்சியை ஊரார்முன் எடுத்துரைப்பவரும் கணவரே.

இந்த இரு பெண்களுக்கும் புராணத்திலே பெயரில்லை. நாயன்மார் 63 பேரிலே பெண்கள் மூவரே.

சிலையிலே பாதி கொடுப்பது எளிது. வீட்டிலே கேட்டுச் செய்வதுதான் கடினம். இதை ஆத்திகருக்கு மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். வீட்டை விற்பதையும், மகளின் படிப்பை நிறுத்துவதையும் தானே முடிவு செய்துவிட்டு, பிறகு மனைவிக்கு அறிவிக்கும் பகுத்தறிவாளர் நம்மிடையே இல்லையா? கடவுளை மறுத்தாலும் அவர் இயற்பகையாரின் வழித்தோன்றலே. தில்லைக் குயவர் மனைவிக்கேனும் ஆணையிட ஒரு பெயர் கிடைத்தது. நம் வீட்டுப் பெண், எந்தப் பெயரையும் துணைக்கு அழைக்காமல் மறுத்துச் சொன்னாலும், அந்தச் சொல் நிற்க வேண்டும், தோழர்களே!