மேப்பை நாமே எழுதினால் என்ன கிடைக்கும்?

ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும் மாணவரிடமும் வேலை தேடி வரும் பட்டதாரியிடமும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: “மேப்பைப் பயன்படுத்தாமல் மேப்பை எழுதிக் காட்டு.” மேப் என்பது ஓர் அரேயின் (பட்டியலின்) ஒவ்வொரு உறுப்பையும் ஒரு ஃபங்ஷனிடம் கொடுத்து, வரும் விடைகளைப் புதிய அரேயாகத் தரும் வசதி. மேப்புக்குப் பதில் சில இடங்களில் ஃபில்டர், சில இடங்களில் ரெடியூஸ், ரிவர்ஸ். மொழியே செய்து கொடுத்திருப்பதை மறுபடி எழுதச் சொல்வதால் பயன் உண்டா? உண்டு. ஆனால் எழுதி முடிப்பதில் கிடைப்பது பாதிப் பயன்தான். எழுதியதை அசலோடு வைத்துப் பார்க்கும்போதுதான் மீதி கிடைக்கிறது. பெரும்பாலும் அந்த இரண்டாம் பாதி நடப்பதே இல்லை.

முதலில் நன்மையைப் பார்ப்போம். சென்னையில் வண்ணாரப்பேட்டையிலிருந்து வடக்கே விம்கோ நகர் வரையுள்ள மெட்ரோ நிலையங்களின் பெயர்களை ஓர் அரேயில் வரிசையாகப் போடுங்கள். ‘பேட்டை’ என்று முடிபவை மட்டும் வேண்டுமென்றால் ஃபில்டர் ஒரே வரியில் தந்துவிடும்: வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டை. அந்த ஃபில்டரைச் சொந்தமாக எழுதினால் உள்ளே நடப்பது தெரிகிறது. புதிதாக ஒரு காலி அரே பிறக்கிறது. ஒவ்வொரு பெயரும் நாம் கொடுத்த ஃபங்ஷனிடம் போகிறது. அது ‘ஆம்’ என்றால் பெயர் உள்ளே சேர்கிறது. ஒரு ஃபங்ஷனை இன்னொன்றிடம் கையளிக்கலாம் என்பது புதியவர்களுக்குச் சட்டென்று பிடிபடாத விஷயம். பத்து வரி எழுதினால் பிடிபட்டுவிடும். மேப்பும் ஃபில்டரும் பழைய அரேயைத் தொடுவதில்லை, சார்ட்டும் ரிவர்ஸும் அதையே மாற்றிவிடுகின்றன என்ற வேறுபாடும் அப்போதுதான் உறைக்கும்.

ஒரு காலத்தில் இது பயிற்சியாக இல்லை, தேவையாகவே இருந்தது. மேப், ஃபில்டர், ரெடியூஸ் ஆகியவை 2009-இல்தான் மொழியின் தரநிலைக்குள் வந்தன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 போன்ற பழைய உலாவிகளில் அவை இல்லாததால் புரோகிராமர்கள் தாங்களே எழுதிச் சேர்த்தார்கள். ‘பாலிஃபில்’ என்று அதற்குப் பெயர்.

இனி நாம் எழுதுவது அசலிலிருந்து விலகும் இடங்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியபோது திருவொற்றியூர் தேரடி நிலையம் திறக்கப்படவில்லை. 2022 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த இடைக்காலத்துக்கான அரேயில் தேரடியின் இடத்தை ஒன்றும் போடாமல் விட்டிருக்கிறோம் என்று வையுங்கள். ஒவ்வொரு பெயரின் நீளத்தையும் கேட்டால், அசல் மேப் அந்த இடத்தைத் தாண்டிப் போய், விடையிலும் அதைக் காலியாகவே விடும். வழக்கமான ஃபார் லூப்பில் எழுதிய நம் மேப்போ இல்லாத பெயரின் நீளத்தைக் கேட்டு, பிழை காட்டி நின்றுவிடும்.

இன்னொன்று: “1”, “2”, “3” என்ற எழுத்துச்சரங்களை மேப்பில் போட்டு, எழுத்துச்சரத்தை எண்ணாக மாற்றும் பார்ஸ்இன்ட்டைக் கொடுத்தால் அசல் தருவது 1, நான், நான். இங்கே ‘நான்’ என்பது ‘எண் அல்ல’ என்பதற்கான ஜாவாஸ்கிரிப்ட் குறி. மேப் மதிப்போடு வரிசை எண்ணையும் அனுப்புகிறது. பார்ஸ்இன்ட் அதை எண்முறையின் அடிமானமாக எடுத்துக்கொள்கிறது. மதிப்பை மட்டும் அனுப்பும் நம் மேப் 1, 2, 3 என்று அழகாகத் தரும். பார்க்க நன்றாக இருந்தாலும் அது மேப் அல்ல.

தமிழ் என்று வரும்போது அசலோடு ஒப்பிடுவதும் போதாது. ‘தமிழ்’ என்ற சொல்லை வழக்கமான முறையில் உடைத்தால் மூன்று எழுத்துக்குப் பதில் ஐந்து துண்டுகள் கிடைக்கும். திருப்பிப் போட்டால் புள்ளி தனியே முன்னால் வந்து நிற்கும். மகரத்தின் இகரக் குறி ழகரத்தில் ஒட்டிக்கொள்ளும். நம் ரிவர்ஸும் அசல் ரிவர்ஸும் இதே குப்பையைத்தான் தரும், ஏனென்றால் தவறு உடைத்த விதத்தில் இருக்கிறது. சார்ட்டும் அப்படியே. யூனிகோடில் னகரம் ரகரத்துக்கு முன்னால் இருப்பதால், எதுவும் சொல்லாமல் விட்டால் ‘மனம்’ முதலிலும் ‘மரம்’ பிறகும் வரும். நம் அகராதி வரிசை இதற்கு நேர் எதிர். தமிழ் வரிசை வேண்டும் என்று லோக்கேல்கம்பேர் மூலம் சொன்னால்தான் சரியாகும். ஆங்கிலச் சொற்களை வைத்து மட்டும் சோதிக்கிற பயிற்சியில் இந்தப் பாடம் வரவே வராது.

சொந்தமாக எழுதியதை மொழியின் பொது அரேயிலேயே ஒட்டவைப்பது இவற்றைவிட ஆபத்தானது. மூடூல்ஸ் என்ற பழைய நூலகம் ‘ஃப்ளாட்டன்’ என்ற பெயரில் அப்படி ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தது. அதே பெயரில் மொழிக்குள் ஒரு வசதியைக் கொண்டுவர முயன்றபோது பழைய தளங்கள் உடைவது தெரிந்தது. 2018-இல் பெரிய சர்ச்சையாகி, கடைசியில் மொழிதான் இறங்கி வந்தது. 2019 தரநிலையில் அதன் பெயர் ‘ஃப்ளாட்’.

நேர்முகத் தேர்வில் இந்தக் கேள்விக்கு இப்போது மதிப்புக் குறைவு. விடையை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது எளிது. ஒப்பித்தவரையும் புரிந்தவரையும் அது பிரித்துக் காட்டாது. அதற்குப் பதில், எழுதி முடித்த மேப் ஒன்றைக் கையில் கொடுத்து, “அசலிலிருந்து இது எங்கே விலகுகிறது?” என்று கேட்கலாம்.

கற்பதற்காக எழுதுவது நல்ல பழக்கம், அதைக் கைவிட வேண்டாம். வேலைக்கான நிரலில் மட்டும் அசலையே பயன்படுத்துங்கள். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை இந்தப் பயிற்சியைக் கொடுக்கும்போது ஒரு காலி இடத்தையும் சில தமிழ்ச் சொற்களையும் சோதனையில் சேர்த்துக் கொடுங்கள்.