மஞ்சள்கருவை எறிவது சரியா?

ஜிம்முக்குப் போகும் இளைஞர் ஆறு முட்டையை அவித்து மஞ்சள்கருவை ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுகிறார். நாற்பதைத் தாண்டியவர் கொலஸ்ட்ராலுக்குப் பயந்து அதையே செய்கிறார். செயல் ஒன்று என்றாலும் காரணம் வேறு என்பதால், இரண்டையும் தனித்தனியாகத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

தசை வளர்ப்பவரின் வாதம் எளிதில் சரிகிறது. 50 கிராம் எடையுள்ள முட்டையில் சுமார் 6.3 கிராம் புரதம் உண்டு. அதில் 3.6 கிராம்தான் வெள்ளையில். மஞ்சளை எறிகிறவர் புரதத்திலேயே ஐந்தில் இரண்டு பங்கை எறிந்துவிடுகிறார். கலோரிக் கணக்கில் மட்டும் வெள்ளைக்கு வெற்றி: அதில் 17, முழு முட்டையில் 72. பளு தூக்கிய இளைஞர்களுக்கு 18 கிராம் புரதத்தை ஒருமுறை முழு முட்டையாகவும் மறுமுறை வெள்ளைக்கருவாகவும் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2017இல் வந்தது. முழு முட்டை சாப்பிட்டபோதுதான் தசைப் புரதம் கூடுதலாக உருவானது. பத்தே பேரிடம், சில மணி நேரம் நடந்த சோதனை அது. அதை வைத்துப் பெரிதாக எதையும் நிலைநாட்ட முடியாது. ஆனால் வெள்ளைதான் தசைக்கு உகந்தது என்ற நம்பிக்கைக்கு அதில் ஆதரவு இல்லை.

மஞ்சளோடு போவது புரதம் மட்டுமா? ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள், பி12இன் பெரும்பகுதி, கண்ணுக்கு உதவும் லூட்டின், ஏறக்குறைய 147 மில்லிகிராம் கோலின் எல்லாம் அதில்தான். ஒரு பெண்ணின் அன்றாடக் கோலின் தேவையில் மூன்றில் ஒரு பங்கு அது. இரும்பையும் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். மஞ்சள்கருவில் உள்ள புரதம் ஒன்று இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்வதால் உடலில் அது குறைவாகவே சேரும். அந்தப் பெருமையை முட்டைக்குத் தர எனக்கு மனமில்லை.

கொலஸ்ட்ரால் வாதத்தை அப்படித் தள்ள முடியாது. ஒரு மஞ்சள்கருவில் சுமார் 186 மில்லிகிராம் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று மஞ்சள்கருவுக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்க இதய சங்கம் 1968இல் சொன்னது. ரத்தக் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது, அதை ஏற்றுவதில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கே பெரிது என்ற புரிதல் வலுத்த பிறகு, நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற வரம்பை அமெரிக்க அரசின் 2015ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி கைவிட்டது. அத்தோடு முடியவில்லை. நாள்தோறும் அரை முட்டை கூடினால் இதயநோய் ஆபத்து 6 சதவீதம் அதிகமாகக் காணப்படுகிறது என்று, 29,615 பேரின் தரவுகளைக் கொண்டு 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. மறு ஆண்டே, 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 32 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஆய்வு, நாளுக்கு ஒரு முட்டை வரை அப்படித் தொடர்பு இல்லை என்றது. எதை நம்புவது? முன்னது உணவுப் பழக்கத்தைத் தொடக்கத்தில் ஒரே தடவைதான் கேட்டறிந்தது. பின்னது இடையிடையே திரும்பத் திரும்பக் கேட்டது. எனவே என் தராசு பின்னதன் பக்கம் சாய்கிறது.

ஆரோக்கியமான பெரியவர் நாளுக்கு ஒரு முழு முட்டையைத் தயங்காமல் சாப்பிடலாம். அதற்கு மேல் புரதம் வேண்டுமென்றால் வெள்ளையைக் கூட்டிக்கொள்ளட்டும். குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கேள்வியே எழக் கூடாது. நம் சத்துணவில் முழு முட்டை வைப்பது முற்றிலும் சரி. சர்க்கரை நோயாளிகள் பற்றிய முடிவுகள் முரண்படுகின்றன; அவர்களும் ரத்தத்தில் எல்டிஎல் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களும் வாரத்துக்கு எத்தனை மஞ்சள்கரு என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வதே நல்லது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு மட்டும் வெள்ளைக்கரு உண்மையிலேயே மருந்துக்கு நிகர்: அவருக்குப் புரதம் நிறைய வேண்டும், பாஸ்பரஸ் ஆகாது. முட்டையின் பாஸ்பரஸ் அநேகமாக முழுவதும் மஞ்சளில்தான் இருக்கிறது.