உணர்வுசார் நுண்ணறிவு: கருத்தும் மதிப்பெண்ணும்

உணர்ச்சியைக் களைவதா, ஆள்வதா என்பது மெய்யியலில் பழைய வழக்கு. கட்டற்ற உணர்ச்சி தவறான தீர்ப்பிலிருந்து பிறப்பது, ஆகவே களையத்தக்கது என்றனர் ஸ்டோயிக்குகள். அவர்களுக்கு முன்பே அரிஸ்டாட்டில் வேறு நிலை எடுத்திருந்தார். தக்கவர்மீது, தக்க காரணத்துக்காக, தக்க அளவில் சினம் கொள்வது அவருக்குக் குறையல்ல, பண்பு. 18ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் பகுத்தறிவை உணர்ச்சியின் ஏவலாளாகவே ஆக்கிவிட்டார். ஆனால் இவர்களில் யாரும் உணர்ச்சியை ஆளும் திறனுக்கு மதிப்பெண் போட நினைக்கவில்லை. அந்த ஆசை 20ஆம் நூற்றாண்டின் நுண்ணறிவுத் தேர்வுகளோடு வந்தது.

1920இல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், பிறரைப் புரிந்து நடந்துகொள்ளும் ஆற்றலைச் 'சமூக நுண்ணறிவு' என்று தனியே பிரித்தார். அதே பத்தாண்டில் அதை அளக்க ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு தேர்வும் உருவானது. 1937இல் அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் தார்ண்டைக்கின் மகன் ராபர்ட். பெரும்பாலும் சொல்லறிவையே அத்தேர்வு வேறு பெயரில் அளக்கிறது என்ற முடிவுக்கே அவர் வரவேண்டியிருந்தது. தந்தை தொடங்கிவைத்த தேடலின் பலவீனத்தை மகன் சுட்டிக்காட்டியது ஒருபுறமிருக்க, இந்த ஆட்சேபமே பல பத்தாண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் திரும்பியது என்பது கவனிக்கத்தக்கது.

1983இல் ஹோவர்ட் கார்ட்னர் தன்னை அறிதலையும் பிறரை அறிதலையும் தனித்தனி நுண்ணறிவுகளாக வகுத்தார். 1990இல் பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் 'உணர்வுசார் நுண்ணறிவு' என்ற தலைப்பில் கட்டுரை வெளியிட்டனர். ஆய்வாளர் வட்டத்துக்குள் இருந்த கருத்தை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் கொண்டுவந்தது, பத்திரிகையாளரும் உளவியலாளருமான டேனியல் கோல்மன் 1995இல் எழுதிய நூல். அவ்வாண்டே 'டைம்' இதழ் அதை அட்டைக் கட்டுரையாக்கியது. ஐ.க்யூ.வைவிட இது முக்கியமாக இருக்கலாம் என்பதே நூலின் கவர்ச்சி. விலையும் அங்கேயே கொடுக்கப்பட்டது. விடாமுயற்சி, தன்னூக்கம், நன்னம்பிக்கை என்று நல்ல குணங்கள் பலவும் ஒரே பெயருக்குள் வந்து சேர்ந்தன. நல்லதெல்லாம் அடங்கிய வரையறையால் எதையும் பிரித்துக் காட்ட முடியாது. 1997இல் மேயரும் சாலவேயும் உணர்ச்சியைக் கண்டறிதல், சிந்தனைக்குப் பயன்படுத்துதல், புரிந்துகொள்ளுதல், நெறிப்படுத்துதல் என நான்கு திறன்களாகத் தங்கள் வரையறையை இறுக்கினர். சந்தையோ விரிந்த பதிப்பையே வாங்கிக்கொண்டது.

அளவீடும் இரண்டாகப் பிரிந்தது. ரூவன் பார்-ஆன் 1997இல் வெளியிட்ட வினாப்பட்டியல், தன்னைப் பற்றித் தானே சொல்லும் முறையைச் சேர்ந்தது. இது தேர்வு எழுதியவரே தன் விடைத்தாளைத் திருத்துவதுபோல. பிறர் மனம் அறியாதவருக்குத் தம் அறியாமையும் தெரியாது. வேலை தேடி வந்தவருக்கோ எந்த விடை எதிர்பார்க்கப்படுகிறது என்பது நன்றாகவே தெரியும். மேயர், சாலவே, டேவிட் கருசோ மூவரும் உருவாக்கி 2002இல் வந்த தேர்வு இதைத் தவிர்க்க முயன்றது. 141 வினாக்கள் கொண்ட அது, முகங்களையும் சூழ்நிலைகளையும் காட்டி விடை கேட்கிறது. ஆனால் எது சரியான விடை? பெரும்பான்மையோர் அல்லது வல்லுநர் குழு சொன்னதே சரி என்கிறது அத்தேர்வு. ஊரோடு ஒத்துப்போவதும் கூர்ந்து உணர்வதும் ஒன்றாகிவிடும் இடம் இது. கூட்டத்தில் ஒருவர் மட்டும் சரியாகக் கண்டால் அவருக்கு மதிப்பெண் குறையும்.

பலன் அறவே இல்லை என்பதும் சரியல்ல. டானா ஜோசப், டேனியல் நியூமன் ஆகியோர் 2010இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாடிக்கையாளரோடு முகம்கொடுத்துப் பழகும் பணிகளைப்போல உணர்ச்சி உழைப்பு மிகுந்த வேலைகளில் இத்திறன் பணித்திறமையோடு தொடர்புற்றிருந்தது. மற்ற வேலைகளில் அத்தொடர்பு தேய்ந்தது. 2015இல் அவர்கள் இடம்பெற்ற மற்றொரு தொகுப்பாய்வு, தன்மதிப்பீட்டு வினாப்பட்டியல்களை எடுத்துக்கொண்டது. பொறுப்புணர்வு, மனநிலை உறுதி, பொது நுண்ணறிவு முதலியவற்றின் பங்கைக் கழித்ததும் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. பழைய குணங்களே புதுப் பெயரில் அளக்கப்பட்டிருந்தன.

வலுவான சான்று பள்ளிகளிலிருந்து வருகிறது. ஜோசப் டர்லக் குழுவினர் 2011இல் 213 பள்ளித் திட்டங்களைத் தொகுத்தனர். அவற்றில் சுமார் 2,70,000 மாணவர்கள் இருந்தனர். உணர்ச்சிகளை அடையாளம் காணவும் பூசலைத் தீர்க்கவும் பயின்றவர்களின் நடத்தை மேம்பட்டது, பாடத்தேர்ச்சியும் 11 சதமானப் புள்ளிகள் உயர்ந்தது. இங்கே வேலை செய்தது பயிற்சி, யாருடைய உணர்வு மதிப்பெண்ணும் அல்ல என்பதை இத்துறையின் விளம்பரங்கள் சொல்வதில்லை.

திறன் நன்மைக்கே பயன்படும் என்ற எண்ணமும் ஆய்வில் நிற்கவில்லை. உணர்ச்சியை நெறிப்படுத்தும் அறிவு, பிறரைக் கருவியாக்கும் இயல்புடையவரிடம் சேரும்போது அவர்கள் சக ஊழியரை இழிவுபடுத்துவது கூடுகிறது என்று ஸ்டெஃபான் கோட்டே குழுவினர் 2011இல் காட்டினர். அரிஸ்டாட்டில் உணர்ச்சியை ஆள்வதை அறப்பண்போடு சேர்த்தே பேசினார். நவீன உளவியல் அறத்தை நீக்கித் திறனை மட்டும் எடுத்துக்கொண்டது.

வகுப்பறைக்கும் பணிப் பயிற்சிக்கும் இக்கருத்து தகுதியானது. வேலைக்கு ஆளைச் சேர்க்கவோ விலக்கவோ போதுமான நம்பகம், குறிப்பாகத் தன்மதிப்பீட்டு வினாப்பட்டியல்களின் மதிப்பெண்ணுக்கு, இன்றுவரை கிடையாது.