ஆற்றலும் தன்மதிப்பும்: ஜேம்ஸின் கிரிக்கெட் நூலை முன்வைத்து ஒரு நோக்கு

விளையாட்டில் ஒருவர் தமது ஆற்றல் பற்றிக் கொள்ளும் கணிப்பு அவரது தன்மதிப்பை உருவாக்குகின்றது என்பது உடற்பயிற்சி உளவியலின் அடிப்படைக் கருத்துக்களுள் ஒன்றாகும். 1978இல் சூசன் ஹாட்டர் முன்வைத்த கொள்கையின்படி, முயன்று வெற்றிகாணும் பிள்ளை தன்னை ஆற்றலுடையதாக உணர்கின்றது. அவ்வுணர்வே மீண்டும் முயலத் தூண்டுகின்றது. 1989இல் பொக்ஸ், கோர்பின் ஆகியோர் விளையாட்டுத்திறன், உடல்வலு, உடற்தகுதி, உடற்கவர்ச்சி என நான்கு கூறுகளாக இக்கணிப்பை அளவிட முற்பட்டனர். இவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. பெற்றோர், ஆசிரியர் ஆகியோரின் அங்கீகாரத்தை ஹாட்டர் கவனத்திற் கொண்டமையும் மனங்கொள்ளத்தக்கது. ஆயினும், அங்கீகாரம் வழங்கும் அதிகாரம் சமூகத்தில் எவரிடம் உள்ளது என்ற வினாவுக்கு இவ்வளவுகோல்களில் விடை கிடைப்பதில்லை.

அவ்வினாவை இவர்களுக்கு முன்னரே எழுப்பிய நூல், றினிடாட்டைச் சேர்ந்த மாக்சிய அறிஞர் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட 'பியொண்ட் எ பவுண்டரி' ஆகும். தன்வரலாறாகவும் கிரிக்கெட் விமர்சனமாகவும் அமையும் இந்நூல், குடியேற்ற ஆட்சிக்குட்பட்ட ஒரு மக்கட்கூட்டம் தன்னைப்பற்றிக் கொண்ட மதிப்பீட்டின் வரலாறுமாகும்.

றினிடாட்டின் கழகங்கள் நிறத்தினாலும் வர்க்கத்தினாலும் பிரிக்கப்பட்டிருந்ததை ஜேம்ஸ் விரிவாகக் காட்டுகின்றார். மாநிற நடுத்தர வர்க்கத்தினரின் மேப்பிள் கழகத்தைத் தாம் தெரிந்தமை கறுப்பின மக்களிடமிருந்து தம்மைப் பிரித்தது என அவர் பின்னர் உணர்ந்தார். லியறி கொன்ஸ்ரன்ரைன் ஆடிய ஷனன் கழகமோ கறுப்பின மக்களின் தன்மதிப்பைத் தாங்கி நின்றது. 1929இல் லங்காஷயரின் நெல்சன் கழகத்திற்குத் தொழில்முறை ஆட்டக்காரராகச் சென்ற கொன்ஸ்ரன்ரைன், ஆங்கிலேயருக்குத் தம்மவர் எவ்வகையிலும் தாழ்ந்தவரல்லர் என்னும் தெளிவை ஜேம்ஸிடமும் ஏற்படுத்தினார். மாறாக, வில்ற்றன் சென்ற் ஹில் தமது ஆற்றலின் உச்சத்தில் 1923ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்திற்குத் தெரிவு செய்யப்படவில்லை. 1928இல் வாய்ப்புக் கிடைத்தபோது அவர் சோபிக்கவுமில்லை. அவரது ஆற்றலை மக்கள் ஐயுறவில்லை. ஐயுற்றது தெரிவு செய்யும் அதிகாரமே. தனிமனித வினாக்கொத்து எதுவும் இத்துயரை அளந்துகாட்டாது.

தலைமைப் பதவியைப் பற்றிய பகுதி இன்னும் கூர்மையானது. கறுப்பினத்தவர் மட்டையெடுத்தாடலாம், பந்து வீசலாம். அணியை வழிநடத்தும் தகைமை மட்டும் அவர்களுக்கு இல்லை என்னும் எடுகோள் நீண்டகாலம் நிலவிற்று. ஜோர்ஜ் ஹெட்லி 1948இல் ஒரேயொரு ரெஸ்ற் ஆட்டத்திலேயே தலைமை தாங்கினார். ஜேம்ஸ் தாம் ஆசிரியராயிருந்த பத்திரிகையில் நடத்திய போராட்டமும் சேர்ந்தே, பிராங் வொரெல் 1960-61 அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்திற்குத் தலைவரானார். பிறிஸ்பேனில் முதல் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. தொடரை மேற்கிந்தியர் 2-1 என இழந்தனர். எனினும் மெல்பேண் நகர வீதிகளில் மக்கள் பெருந்திரளாகக் கூடி அவ்வணியை வழியனுப்பினர். வெற்றியும் தன்மதிப்பும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தக்க சான்று தேவையில்லை.

இந்நூலின் குறைபாடுகளையும் சுட்டவேண்டும். ஆங்கிலப் பொதுப்பள்ளியின் ஒழுக்கநெறியை ஜேம்ஸ் பெருமளவு வியந்தே நோக்குகின்றார். ஆள்வோரின் அளவுகோல் ஆளப்படுவோரின் மனத்துள் எவ்வாறு குடிகொண்டது என்பதை இன்னும் கடுமையாக அவர் விசாரித்திருக்கலாம். பெண்கள் இந்நூலில் ஆடுகளத்திற்கு வெளியிலேயே நிற்கின்றனர். களத்தில் இறங்கவே இடம்பெறாதவர்களின் ஆற்றலுணர்வு எவ்வாறு உருவாகும் என்னும் வினாவுக்கு இங்கு விடை இல்லை.

எனினும், உளவியலாளர் தனிமனித உள்ளத்தில் தேடுவதை ஜேம்ஸ் சமூக உறவுகளில் தேடினார் என்பதே இந்நூலின் நிலைபேறான பயன். தன்னம்பிக்கை குன்றிய மாணவருக்கு ஊக்கமூட்டுதல் அவசியமே. ஆனால் மைதானமும் பயிற்சியும் தெரிவுரிமையும் சிலருக்கே உரியனவாக இருக்கும்வரை, ஏனையோரின் தாழ்வுணர்வை அவர்தம் மனக்குறையாகக் கணிப்பது விஞ்ஞானமாகாது. தாழ்ந்த புள்ளி பெற்ற மாணவரை ஆராய்வதற்கு முன், அவருக்குக் கிடைத்த களத்தை ஆராய்தல் வேண்டும்.