கோலைத் தடுப்பவரின் கலை

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணிக்குக் களத்தில் ஆறு பேர்: கோல்கீப்பர் ஒருவர், தற்காப்பு வீரர்கள் இருவர், முன்கள வீரர்கள் மூவர். தற்காப்பு வீரர்களில் சிலர் தாக்குதலிலும் கலந்து கோல் தேடுவார்கள். சிலர் எதிரணியின் கோலைத் தடுப்பதையே முழுவேலையாகக் கொள்வார்கள்.

இந்த இரண்டாம் வகையினரின் தேர்ச்சி பின்னோக்கிச் சறுக்குவதில் தொடங்குகிறது. பக் எனப்படும் ஆட்ட வட்டுடன் பாய்ந்து வருபவரை நேருக்கு நேர் பார்த்தபடியே பின்வாங்க வேண்டும். இடைவெளி கூடினால் வருபவருக்குக் குறிபார்க்க நேரம் கிடைக்கும்; மிகவும் குறைந்தால் ஒரே திருப்பத்தில் தாண்டிவிடுவார். தேர்ந்த தடுப்பாளர் நடுவழியை உடலால் அடைத்து, ஓரப் பலகையை ஒட்டி மட்டும் வழிவிடுவார். அங்கிருந்து அடித்தால் கோலுக்கான கோணம் குறுகிவிடும். அவருடைய மட்டை பனியோடு படிந்து, பாஸ் போகக்கூடிய பாதையை மறித்திருக்கும். கோல் வாசலில் எதிராளியின் மட்டையைத் தூக்கிவிடுவது, கோல்கீப்பரின் பார்வையை மறைப்பவரை அப்புறப்படுத்துவது, விரைந்து வரும் பக்கின் குறுக்கே உடலைக் கிடத்துவது ஆகியவையும் அவர் பொறுப்பே. சக வீரர் தண்டனை பெற்று வெளியேறி, நால்வர் ஐவரைச் சமாளிக்க வேண்டிய நேரத்தில் பயிற்சியாளர் முதலில் அழைப்பது இவரைத்தான்.

இந்தக் கலையின் மதிப்புக்குத் தற்காப்பு வீரர் ராட் லாங்வே நல்ல சான்று. 1974-இல் களமிறங்கிய வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ் அணி, முதல் எட்டுப் பருவங்களில் ஒருமுறைகூட பிளேஆஃப் சுற்றை எட்டவில்லை. 1982-இல் மான்ட்ரியலிலிருந்து லாங்வே வந்த முதல் பருவத்திலேயே எட்டியது. அந்தப் பருவத்தில் அவர் அடித்தவை 3 கோல்களே. ஆயினும் சிறந்த தற்காப்பு வீரருக்கான நாரிஸ் கோப்பை அவருக்குக் கிடைத்தது. அடுத்த பருவத்தில் எட்மன்டனின் பால் காஃபி 40 கோல் அடித்தும், 9 கோல் அடித்த லாங்வேயே மீண்டும் வென்றார். லீக்கிலேயே மிகக் குறைந்த கோல்களை விட்டுக்கொடுத்த அணியாக அப்போது வாஷிங்டன் மாறியிருந்தது.

இத்தகையவரை எண்களால் அளப்பது கடினம். பக்கை அதிகமுறை மறித்தவர் என்றால், அவர் இருக்கையில் எதிரணி அதிகமுறை அடித்திருக்கிறது என்றும் பொருள்படலாம். ஆகவே தேர்ந்த ரசிகர் பக்கைத் துரத்தாமல் தடுப்பாளரையே கவனிப்பார்: தாக்க வந்தவர் எந்த ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டார், எந்தப் பாஸைக் கைவிட்டார், எவ்வளவு தொலைவிலிருந்து அடிக்க நேர்ந்தது என்பவற்றில் அந்த ஆட்டத்தின் தரம் தெரியும்.