கூரையில் த்ராட்டில், மணலில் ஓடுபாதை

லுக்லாவுக்குப் போகும் சின்ன விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் பணிப்பெண் ஒரு தட்டை நீட்டுவார். அதில் மிட்டாயும் பஞ்சும் இருக்கும். மிட்டாய் வாய்க்கு, பஞ்சு காதுக்கு. அந்த வண்டியின் உபசரிப்பு அதோடு முடிந்தது. எஞ்சின்கள் கிளம்பியதும் பஞ்சின் அருமை புரிந்துவிடும்.

லுக்லா நேபாளத்தில், எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடந்து போகிறவர்கள் இறங்கும் ஊர். 2,845 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓடுபாதை 527 மீட்டர்தான், அதுவும் மலைச்சரிவில் ஏறிக்கொண்டே போகிறது. கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் இடையே கிட்டத்தட்ட 60 மீட்டர் உயர வித்தியாசம், அதாவது இருபது மாடிக் கட்டடத்தின் உயரம். இறங்குவது மேல்நோக்கி, கிளம்புவது கீழ்நோக்கி. கீழ்முனைக்கு அப்பால் பள்ளத்தாக்கு, மேல்முனையில் மலை. ஒரு கட்டத்துக்குப் பிறகு ‘வேண்டாம், இன்னொரு சுற்று வரலாம்’ என்று விமானி மனம் மாற முடியாது.

இந்த வேலைக்கு அங்கே பல பத்தாண்டுகளாக வந்துபோகும் வண்டி டிஎச்சி-6 ட்வின் ஆட்டர். பார்வைக்கு ஒன்றும் அழகில்லை. நேரான நீண்ட இறக்கை, அதைத் தாங்க முட்டுக்கம்பி, மடங்காத சக்கரங்கள், பெட்டி போன்ற உடல். ஜெட் விமானத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் சொகுசுக் காருக்குப் பக்கத்தில் நிற்கும் டிராக்டர் மாதிரிதான் தெரியும். அந்த ஒப்பீடு இதற்கு அவமானம் இல்லை. வயலில் இறங்க வேண்டியது எது என்பதுதான் கேள்வி.

கனடாவின் டி ஹாவிலண்ட் நிறுவனத்துக்கு இந்தக் கேள்வி பழகியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, காட்டிலும் ஏரியிலும் பறந்து பிழைத்த விமானிகளிடம் ‘உங்களுக்கு என்னதான் வேண்டும்’ என்று கேட்டுத்தான் அது பீவர் விமானத்தை வடிவமைத்தது. சின்ன இடத்தில் எழும்ப வேண்டும், எரிபொருள் பீப்பாயை உருட்டி ஏற்றும் அளவுக்குக் கதவு அகலமாக இருக்க வேண்டும் என்ற ரகத்தில்தான் பதில்கள் வந்தன. பீவர் 1947இல் பறந்தது, அதன் அண்ணன் மாதிரியான ஆட்டர் 1951இல். இரண்டுக்கும் ஒற்றை பிஸ்டன் எஞ்சின்தான். 1964இல் ஆட்டரின் உடலை நீட்டி, இறக்கைக்கு ஒன்றாக பிடி6 என்ற டர்போபிராப் எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தும் வேலை தொடங்கியது. 1965 மே 20 அன்று டொரன்டோவின் டவுன்ஸ்வியூ தளத்திலிருந்து ட்வின் ஆட்டர் முதல்முறை எழும்பியது. பயணிகள் இருக்கை அதிகபட்சம் 19, கிளம்பும்போது மொத்த எடை 5,670 கிலோவரை என்பது பிற்பாடு வந்த 300 வரிசையின் கணக்கு.

அந்த பிடி6 எஞ்சினைக் கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு விநோதம் தென்படும். புகைக்குழாய்கள் பின்னால் இல்லை, ப்ரொப்பல்லருக்கு ஒட்டினாற்போல் முன்னால் இருக்கின்றன. காற்று எஞ்சினின் பின்பகுதியில் நுழைந்து, முன்னோக்கி ஓடி, எரிந்து, முன்பக்கமாக வெளியேறுகிறது. காற்றை அழுத்தும் பகுதிக்கும் ப்ரொப்பல்லரைச் சுழற்றும் பகுதிக்கும் நேரடி இணைப்புத் தண்டு கிடையாது. நடுவில் இருப்பது சூடான வாயு மட்டும். அதனால் ஸ்டார்ட் செய்யும்போது கனமான ப்ரொப்பல்லரையும் சேர்த்துச் சுழற்ற வேண்டியதில்லை. கடுங்குளிரில் இது சின்னச் சலுகை இல்லை.

எழும்பும் வித்தை இறக்கையில் இருக்கிறது. அதன் பின்விளிம்பு முழுக்க இறங்கக்கூடியது. உள்பக்கம் இரட்டை இடைவெளி கொண்ட ஃபிளாப்கள். ஃபிளாப் இறங்கும்போது வெளிப்பக்கத்து ஐலரான்களும் சேர்ந்து தாழ்கின்றன. முழுதாக இறக்கினால் 37.5 டிகிரி. அந்த நிலையில் மணிக்கு 110 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்திலும் விமானம் காற்றில் நிற்கும். நாற்கரச் சாலையில் நம் ஊர்க் கார்கள் போகிற வேகம்தான் அது. தரை தொட்டதும் ப்ரொப்பல்லர் இதழ்களின் கோணத்தைத் திருப்பினால் காற்று முன்னோக்கித் தள்ளப்பட்டு வண்டி நின்றுவிடும். கரீபியனில் சாபா தீவின் ஓடுபாதை 400 மீட்டர்தான், இரண்டு முனையிலும் செங்குத்துப் பாறையும் கடலும். அங்கே ட்வின் ஆட்டர் அன்றாட சர்வீஸ் ஓட்டுகிறது.

விமானி அறைக்குக் கதவோ திரையோ இல்லாத வண்டியில் முன்வரிசை கிடைத்தால் விட்டுவிடக் கூடாது. த்ராட்டில் பிடிகள் கூரையில் இருக்கின்றன. எஞ்சின் இறக்கையில், இறக்கை தலைக்கு மேலே. ஆகவே கட்டுப்பாட்டுக் கம்பிகளும் மேலேயே போகின்றன. கிளம்பும்போது விமானி பஸ்ஸில் கம்பி பிடிப்பவர் போலக் கையை உயர்த்துவார். இரண்டு விமானிகளுக்கும் பொதுவாகத் தரையிலிருந்து ஒரே தண்டு எழுந்து ஒய் வடிவில் பிரிகிறது. மூக்குச் சக்கரத்தைத் திருப்ப இடப்பக்க விமானியின் ஸ்டியரிங் அருகே தனியாக ஒரு நெம்புகோல். இரண்டு கை போதாத வேலை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முழு மூச்சாக ஓடினாலும் மணிக்கு 300 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். உட்புறம் காற்றழுத்தம் ஏற்றப்பட்டதல்ல என்பதால் மேகங்களுக்கு மேலே தப்பிப் போக வழி குறைவு. வானிலைக்கு நடுவேதான் பறக்க வேண்டும். மலைநாட்டில் இதன் விலை பெரிது. 2008 அக்டோபரில் லுக்லாவில் பனிமூட்டத்துக்குள் இறங்க முயன்ற ட்வின் ஆட்டர் ஓடுபாதைக்குச் சற்று முன்பே மோதியது. 18 பேர் இறந்தார்கள், விமானி மட்டும் பிழைத்தார். குறைந்த தூரத்தில் இறங்கத் தெரிந்த விமானத்துக்கும் ஓடுபாதை கண்ணில் பட வேண்டும்.

மாலத்தீவில் இதே வண்டி சக்கரத்தைக் கழற்றிவிட்டு மிதவை மாட்டிக்கொள்கிறது. உலகின் மிகப் பெரிய கடல்விமானக் கூட்டம் அங்கேதான், பெரும்பாலும் ட்வின் ஆட்டர்கள். விமானிகள் வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, அரைக்கால் சட்டை என்று மிடுக்காக வருவார்கள். காலில் மட்டும் ஒன்றும் இருக்காது. மிதவைமேல் இறங்கிக் கயிறு கட்டுகிறவருக்குச் செருப்பு எதற்கு? தண்ணீரில் பிரேக் கிடையாது, ப்ரொப்பல்லர் கோணத்தை மாற்றி மாற்றித்தான் மேடையோடு அணைக்கிறார்கள். இருட்டினால் சேவை இல்லை. இரவில் மாலேயில் வந்திறங்கும் சுற்றுலாப் பயணி விடியும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்தியாவுக்கும் இது எட்டிப் பார்த்தது. 2020 அக்டோபர் 31 அன்று சபர்மதிக்கும் கெவாடியாவுக்கும் இடையே தொடங்கிய கடல்விமானச் சேவைக்கு வந்தது மாலத்தீவு ட்வின் ஆட்டர்தான். பராமரிப்புக்கு அது மாலத்தீவுக்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது, சேவையும் நீடிக்கவில்லை. 2024 நவம்பரில் கொச்சி போல்காட்டியிலிருந்து மூணாறு பக்கத்து மாட்டுப்பட்டி அணைக்கு இன்னொன்று சோதனையாகப் பறந்தது. வாங்க நினைப்பவர்கள் விமானத்தின் விலையைக் கேட்பதற்கு முன், மெக்கானிக் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்பது நல்லது.

குளிரில் இதன் பெயர் 2001 ஏப்ரலில் நிலைத்தது. தென்துருவ ஆய்வு நிலையத்தின் மருத்துவருக்கே உடல்நலம் கெட்டது. அங்கே சூரியன் மறைந்து வாரங்கள் ஆகியிருந்தன, வெப்பநிலை மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே. வழக்கமாகப் போகும் ஹெர்குலிஸ் போன்ற பெரிய விமானங்களுக்கு அந்தக் குளிர் ஒத்துவராது. கனடாவின் கென் போரெக் நிறுவனத்து ட்வின் ஆட்டர் ஒன்று பனிச்சறுக்குக் கட்டைகளோடு போய் இறங்கி, அவரை ஏற்றிக்கொண்டு வந்தது. 2016 ஜூனில் இதே நிறுவனம் மறுபடியும் போனது.

இத்தனைக்கும் 844 விமானங்களோடு 1988இல் உற்பத்தியையே நிறுத்தியிருந்தார்கள். மாற்று விமானம் என்று எதுவும் சரியாக அமையவில்லை. பழையவற்றுக்கு உதிரிபாகம் செய்துவந்த வைக்கிங் ஏர் என்ற கனடிய நிறுவனம் 2006இல் வடிவமைப்பு உரிமையை வாங்கியது. 400 வரிசையின் முதல் புது விமானம் 2010இல் பறந்தது. கருவிப்பலகையில் இப்போது திரைகள், எஞ்சின் கூடுதல் பலம். கூரையில் த்ராட்டில் அப்படியே.

ஸ்காட்லாந்தின் பாரா தீவில் இதன் விமானநிலையமே கடற்கரை. மணலில் முக்கோணமாக மூன்று ஓடுபாதைகள், முனைகளில் மரக்கம்பங்கள். கடல் ஏறினால் மூன்றும் தண்ணீருக்குள் போய்விடும், அதனால் அலை ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் விமான நேரத்தை அச்சிடுகிறார்கள். மற்ற நேரங்களில் அதே மணலில் ஆட்கள் சிப்பி பொறுக்குகிறார்கள். காற்றுப்பை கம்பத்தில் ஏறியிருந்தால், வாளியைத் தூக்கிக்கொண்டு ஓரம் போய்விட வேண்டும்.