தாமஸ் ஆண்டான்; டாம் அடிமை!

தாமஸ் என்னும் பெயர் ஆங்கில மண்ணிலே முளைத்ததன்று. அரமேய மொழியில் 'இரட்டைப் பிறவி' என்று பொருள்படும் சொல் அது. கிரேக்கத்திலும் இலத்தீனத்திலும் நடைபயின்று, பின்னர் ஐரோப்பா எங்கும் பரவிற்று. சென்னையிலே சாந்தோம் என்று நாம் நாள்தோறும் சொல்லும் இடப்பெயரிலும் ஒட்டிக்கொண்டிருப்பது அதுவேதான்.

அந்தப் பெயரைத் தாங்கியவர்களைப் பற்றிய நூல்கள் சிலவற்றை அடுத்தடுத்துப் படித்தேன். வாழ்ந்து மறைந்தவர்கள் சிலர். எழுத்தாளரின் உள்ளத்திலே மட்டும் பிறந்தவர்கள் சிலர். பெரும்பாலும் அமெரிக்காவைக் களமாகக் கொண்ட நூல்கள். பெயர் ஒன்றுதான். ஆனால் ஒருவருக்கு அது தாமஸ், மற்றவருக்கு டாம்! ஒருவருக்கு முன்னே மதிப்புச் சொல், பின்னே குடும்பப் பெயர். மற்றவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இரட்டைப் பிறவி என்று பொருள்படும் பெயரை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை மாளிகைக்கும் மறு பாதியைத் தொழுவத்துக்கும் அனுப்பியது யார்? இலக்கணமா? அன்று. அது சமுதாயம் செய்த வேலை. இலக்கியம் அதைச் சில இடங்களில் அம்பலப்படுத்தியது, சில இடங்களில் தானும் அதற்குத் துணை போயிற்று.

தாமஸ் ஜெபர்சனை அறியாதார் யார்? எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்னும் கருத்தை 1776ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனத்திலே வடித்தவர். வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவரும் அவரே! அவர் தம் கையாலேயே எழுதிவைத்த பண்ணைக் கணக்கேடு ஒன்று உண்டு. அதிலே அடிமைகள் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்களாக நிற்கிறார்கள். யாருக்கு எத்தனை முழம் துணி, யாருக்குக் கம்பளி என்று பக்கத்திலே குறிப்பு. 1853இல் லண்டனில் வெளிவந்த 'குளோட்டெல்' என்னும் புதினத்தை எழுதிய வில்லியம் வெல்ஸ் பிரவுன், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர். ஜெபர்சனுக்கும் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த மகள் ஏலத்தில் விடப்படுவதாக அவர் கதையமைத்தபோது, கற்பனை என்று ஒதுக்கினோர் பலர். 1997இல் அனெட் கார்டன் ரீட் சான்றுகளை அடுக்கி நூல் எழுதினார். மறு ஆண்டே மரபணு ஆய்வும் நடந்தது. ஜெபர்சனுக்கும் சாலி ஹெமிங்ஸ் என்னும் அடிமைப் பெண்ணுக்கும் பிள்ளைகள் பிறந்தனர் என்பதை இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கின்றனர். புனைகதை முன்னே சென்றது, வரலாறு நூற்றைம்பது ஆண்டு கழித்துப் பின்னே வந்தது!

அதே 1776இன் தொடக்கத்தில் 'பொது அறிவு' என்னும் சிறு நூலால் அமெரிக்காவைத் தட்டியெழுப்பியவர் தாமஸ் பெயின். 'மனித உரிமைகள்' எழுதினார். மன்னர் ஆட்சி நடுங்கியது. 'பகுத்தறிவின் காலம்' எழுதினார், மதபீடங்கள் கொதித்தன. பழி தூற்ற வந்தோர் அவர் பெயரைத்தான் முதலில் வெட்டினர். கேலிச் சித்திரக்காரர் கில்ரே 1791இல் வரைந்த படத்தின் தலைப்பிலே அவர் தாமஸ் அல்லர், டாமும் அல்லர், 'டாமி'! இளமையிலே பெண்களின் இடுப்புக் கச்சை தைத்துப் பிழைத்தவர் அல்லவா? அந்தத் தொழிலாளிக்கு முழுப் பெயர் எதற்கு என்பது அவர்கள் எண்ணம். 1943இல் ஹோவர்டு பாஸ்ட் அவரைப் பற்றிப் புதினம் எழுதியபோது, பகைவர் எறிந்த அதே 'டாம்' என்னும் கல்லை எடுத்து, அதன் முன்னே 'குடிமகன்' என்ற சொல்லைப் பதித்து, 'குடிமகன் டாம் பெயின்' என்று பெயரிட்டார். அழகான பழிவாங்கல். ஆனால் 1806இல் நியூ ரோசெல் ஊரிலே வாக்களிக்கச் சென்ற முதியவர் பெயினை, நீ அமெரிக்கக் குடிமகனே அல்ல என்று திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தத் தலைப்பின் வலி விளங்கும். பெயினைப் படித்து ஊக்கம் பெற்ற ஜோதிராவ் புலே, 1873இல் தாம் எழுதிய 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார் என்பதை நம்மவர் மறத்தலாகாது.

இனி, டாம்களுக்குள் தலையாய டாமிடம் வருவோம். ஹாரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் எழுதிய 'டாம் மாமாவின் குடிசை' 1852இல் நூலாகி, முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் மூன்று இலட்சம் படிகள் விற்றது. அதன் தலைப்பை நாம் தமிழிலே சொல்லும்போதே ஒரு பிழைபாடு நேர்ந்துவிடுகிறது. 'மாமா' என்றால் நமக்கு உறவு இனிக்கிறது, உரிமை மணக்கிறது. மூலத்திலே அந்தச் சொல்லின் வேலை வேறு. வெள்ளையர் வயது முதிர்ந்த கறுப்பினத்தவரைத் 'திரு' என்று அழைக்க மனமின்றி, வெறும் பெயராலும் அழைக்கக் கூசி, கண்டுபிடித்த செலவில்லாத மரியாதை அது. வாயிலே உறவு; உடலுக்கு விலைச்சீட்டு! டாம் மாமா என்று அன்பொழுக அழைத்த ஷெல்பி குடும்பந்தான், கடன் நெருக்கியபோது அவரை வணிகனிடம் விற்றது. எண்பது வயது முதியவரை எட்டு வயதுப் பண்ணையார் பிள்ளை பெயர் சொல்லி 'வாடா' என்று கூப்பிடக் கேட்ட நாட்டிலே பிறந்த நமக்கு, இதை விளக்க நெடும் உரை தேவையில்லை.

இந்தக் கதையை வகுப்பிலே சொல்லி, சுருக்கி எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "ஐயா, 'டாம் சொன்னான்' என்று எழுதுவதா, 'சொன்னார்' என்று எழுதுவதா?" சொன்னார் என்றே எழுதச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல்: "அடிமைக்குமா ஐயா?" ஆங்கில ஆசிரியருக்கு இந்த இக்கட்டு இல்லை. அந்த மொழியின் படர்க்கைச் சொல் ஆண்டானையும் அடிமையையும் ஒரே போர்வைக்குள் மறைத்துவிடுகிறது. தமிழோ ஒவ்வொரு வினைமுற்றிலும் நம்மைக் கூண்டிலேற்றிக் கேட்கிறது: இவன் உனக்கு 'ஆன்' விகுதியா, 'ஆர்' விகுதியா? மொழிபெயர்ப்பாளர் எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. 'ஷெல்பி சொன்னார், டாம் சொன்னான்' என்று பேனா தானாக ஓடுமானால், அந்தப் பேனாவைப் பிடித்திருப்பது மொழிபெயர்ப்பாளர் அல்லர், பண்ணையார்.

ஸ்டோ அம்மையாரின் நெஞ்சிரக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் அவர் பெயர் சூட்டிய முறையைப் பாருங்கள். தப்பியோடி, எதிர்த்து நின்று, குடும்பத்தோடு விடுதலை பெறுகிற ஜார்ஜுக்கு 'ஹாரிஸ்' என்ற பின்பெயர் உண்டு. அவர் வெளிறிய நிறத்தவர். அந்த ஹாரிசும் அவருடைய ஆண்டையின் பெயர்தான் என்பது வேறு கதை. அடி பொறுத்து, இறைவனைத் தொழுது, உயிர்விடும் கருநிற டாமுக்கோ பின்பெயர் இல்லை. பொறுமைக்கு ஒற்றைப் பெயர் போதும் என்று ஆசிரியர் எண்ணினார் போலும்!

என்றாலும் அந்த டாம் கோழை அல்லர். இன்று அமெரிக்காவிலே 'டாம் மாமா' என்பது, வெள்ளையருக்கு வால்பிடிப்பவனைக் குத்தும் வசைச்சொல். நூலைத் திறந்து படித்தவர் இதை எப்படி ஒப்புவார்? நோயால் நலிந்த ஒரு பெண்ணைச் சவுக்கால் அடிக்கச் சொல்கிறான் லெக்ரீ. அடிக்க மாட்டேன் என்கிறார் டாம். மறைந்திருக்கும் இரு பெண்களின் இடத்தைச் சொல் என்கிறான்; தெரிந்தும் சொல்ல மறுத்துச் சாகிறார். அகன்ற மார்பும் கைக்குழந்தையும் உடைய அந்த வலியவரை நரைத்த கிழவராக்கி, குழைந்து சிரிக்க வைத்தது நாடக மேடை. நாடகமாக்கும் உரிமை நூலாசிரியரிடம் இல்லை. ஆகவே ஊருக்கொரு டாம் ஆடினான். ரிச்சர்டு ரைட் 1938இல் 'டாம் மாமாவின் பிள்ளைகள்' என்று தம் சிறுகதைத் தொகுதிக்குப் பெயரிட்டபோது கணக்குத் தீர்த்தது இந்த மேடை டாமோடுதான். 1949இல் ஜேம்ஸ் பால்டுவின் எழுதிய கட்டுரையோ நூலின் வேரையே தாக்கிற்று: கண்ணீர் பெருகுகிறது, மனிதன் காணாமற் போகிறான் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். அந்தக் குற்றச்சாட்டில் பாதியை நான் ஏற்கிறேன். லெக்ரீயின் முன்னே டாம் நிற்கும் பக்கங்களில் மனிதர் காணாமற் போகவில்லை.

உண்மையிலேயே காணாமற் போனவர் வேறொருவர். ஜோசையா ஹென்சன் என்பது அவர் பெயர். அடிமையாய்ப் பிறந்து, 1830இல் மனைவி மக்களோடு கனடாவுக்குத் தப்பி, அங்கே தம் மக்களுக்கெனக் குடியிருப்பு அமைக்க உழைத்து, 1849இல் தம் வரலாற்றை நூலாக்கியவர். ஸ்டோ அம்மையார் தம் புதினத்துக்குச் சான்று காட்டி 1853இல் எழுதிய நூலில் இவரையும் குறிப்பிட்டார். அதன்பின் அவரை யாரும் ஜோசையாவாக விட்டுவைக்கவில்லை. போன மேடையெல்லாம் டாம் மாமா! அவர் வாழ்க்கை வரலாறே 1876இல் 'டாம் மாமாவின் வாழ்க்கைக் கதை' என்ற தலைப்பில் மறுபதிப்பாயிற்று. ஆண்டையிடமிருந்து உடலை மீட்டுக்கொண்டவரிடமிருந்து, அன்பர்கள் பெயரைப் பறித்துக்கொண்டார்கள். கனடாவின் டிரெஸ்டன் ஊரில் அவர் வாழ்ந்த இடத்திலுள்ள அருங்காட்சியகமும் நெடுங்காலம் 'டாம் மாமாவின் குடிசை' என்றே வழங்கிற்று. 2022இல்தான் அதற்கு ஜோசையா ஹென்சனின் பெயர் சூட்டப்பட்டது. கற்பனை மனிதனிடமிருந்து உண்மை மனிதர் தம் பெயரைத் திரும்பப் பெற, இறந்தபின் நூற்று முப்பத்தொன்பது ஆண்டுகள்!

இத்தனை டாம்களையும் படித்தபின் ஒரு தாமஸைப் படிக்க வேண்டும். பெரியவர் அல்லர், மேரிலாந்தைச் சேர்ந்த தாமஸ் ஆல்ட் என்னும் சிறு ஆண்டை. அவருடைய அடிமை பிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாறு இல்லையேல் அவரை இன்று யார் அறிவார்? அந்நூலிலே ஓர் இடம். ஆல்ட் தம்மை 'ஆண்டை' என்று அடிமைகள் அழைக்க வேண்டுமென விரும்புகிறார், கட்டளையிடத் துணிவில்லை. அவர் மனைவி வற்புறுத்துகிறாள், பயனில்லை. அடிமைகள் 'கேப்டன் ஆல்ட்' என்கிறார்கள், அல்லது ஒன்றுமே சொல்லாமல் விடுகிறார்கள்! சவுக்கு ஒருவர் கையில் இருக்க, விளிச்சொல் மற்றவர் நாவில் இருக்கிறது. நாவைச் சவுக்கு வெல்லவில்லை. எதிர்ப்பு இலக்கியம் என்று நூறு பக்கம் முழங்குவோர் இந்தச் சில வரிகளின் முன்னே தலை தாழ்த்த வேண்டும்.

டக்ளஸ் 1838இல் தப்பினார். பிடிபடாமலிருக்கப் புதுப் பின்பெயர் தேவைப்பட்டது. அடைக்கலம் தந்த நண்பர் அப்போது வால்டர் ஸ்காட்டின் காவியம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். அதிலுள்ள கற்பனை மாந்தரின் பெயர் இந்த உண்மை மனிதருக்கு வந்தது. ஆனால் பிரெடரிக் என்ற முதற்பெயரை மட்டும் மாற்றக்கூடாது என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அது தாய் இட்ட பெயர். தப்பிய பத்தாம் ஆண்டு நிறைவு நாளில், 1848 செப்டம்பரில், தாமஸ் ஆல்டுக்கு வெளிப்படையான கடிதம் எழுதி, தம்மை அவருடைய உடன்மனிதராகக் குறித்து முடித்தார். 1877இல் ஆல்ட் சாகக் கிடந்தார். டக்ளஸ் அப்போது தலைநகர் வட்டாரத்தின் மார்ஷல் பதவியில் இருந்தவர், பார்க்கச் சென்றார். கிழவர் 'மார்ஷல் டக்ளஸ்' என்று அழைத்தார். உடனே டக்ளஸ், மார்ஷல் வேண்டாம், உமக்கு நான் பழையபடி பிரெடரிக்தான் என்றார். தாம் மட்டும் 'கேப்டன் ஆல்ட்' என்றே அழைத்தார். இந்தக் காட்சியைப் படித்துச் சினந்தோர் அன்றே உண்டு. எனக்கும் முதலில் உள்ளம் ஒப்பவில்லை. ஆயினும், வெறும் பெயரால் அழைக்கும் உரிமையை ஒருவன் பறித்துக்கொள்வதும், மற்றவன் மனமுவந்து வழங்குவதும் ஒன்றாகுமா? ஆல்ட் அன்று பெற்றது கொடை.

மார்க் ட்வெய்னின் டாம் சாயரை இங்கே நெடுக விரிக்க வேண்டியதில்லை. தப்பி வந்த ஜிம் முன்பே விடுதலை பெற்றுவிட்டார் என்பதை அறிந்தும், சிறை மீட்கும் விளையாட்டுக்காக அதை மறைத்து, அவரைப் பூட்டிய குடிசையிலே வதைக்கும் குறும்பன் அவன், 'ஹக்கிள்பெரி பின்' இறுதிப் பகுதியில். சிரித்துக்கொண்டே படித்த தலைமுறைகள் எத்தனை! 2024இல் பெர்சிவல் எவரெட் அதே கதையை ஜிம்மின் வாயால் சொன்னார். மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற அந்நூலின் தலைப்பு 'ஜேம்ஸ்'. வெட்டப்பட்ட பெயர் முழுமை பெற்றது, தலைப்பே திறனாய்வு.

கடைசியாக, ஹார்ப்பர் லீயின் 1960ஆம் ஆண்டுப் புதினம் 'டு கில் எ மாக்கிங்பேர்டு'. அலபாமா மாநிலத்துச் சிற்றூர் நீதிமன்றம். பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட கறுப்பினத் தொழிலாளி டாம் ராபின்சன் கூண்டில் நிற்கிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவரைப் பொடியன் என்னும் பொருள்பட விளித்து விளித்து வினவ, பார்த்திருந்த வெள்ளைச் சிறுவன் ஒருவன் தாங்க முடியாமல் அழுகிறான். நல்ல காட்சி. ஆனால் எல்லோரும் போற்றும் அட்டிகஸைக் கவனியுங்கள். பொய்ச் சாட்சி சொல்லும் ஏழை வெள்ளைப் பெண்ணை 'மிஸ் மயெல்லா' என்கிறார். வாழ்நாளில் மதிப்புச் சொல் கேட்டறியாத அவள் அது கேலியோ என்று குமுறுகிறாள். தம் கட்சிக்காரரையோ அவர் 'டாம்' என்றுதான் அழைக்கிறார். திரு ராபின்சன் என்று அந்த நீதிமன்றத்தில் அவர் ஒருமுறையேனும் அழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று புதினம் எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்த்தவர் ஒரு பெண்மணி. நூல் வெளிவந்த மூன்றாம் ஆண்டு, 1963இல், அதே அலபாமாவின் காட்ஸ்டன் நகர நீதிமன்றத்தில் குடியுரிமை இயக்கத் தொண்டர் மேரி ஹாமில்டன் சாட்சிக் கூண்டில் நின்றார். அரசு வழக்கறிஞர் 'மேரி' என்று அழைத்து வினவினார். செல்வி ஹாமில்டன் என்று அழைத்தாலன்றி விடை சொல்லேன் என்றார் அவர். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறையும் ஐம்பது டாலர் தண்டமும் விதித்தார் நீதிபதி. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1964இல் அந்தத் தண்டனை தள்ளுபடி செய்யப்பட்டது.